ஏலத்துக்கு வந்த புளிப்பாறை

போன வாரம் கோமதி போன் செய்தாள். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பெண், இப்போது துணை வட்டாட்சியர். உபயோகமில்லாமல் கிடக்கிற அரசு நிலங்களைக் கணக்கெடுத்துத் தனியாருக்கு விற்கிற பிரிவு அவள் கையில் இருக்கிறது.

"மேடம், இப்பல்லாம் ஏலம் ஆன்லைன்லயே முடிஞ்சிடுதுங்க. யாரும் யார் மூஞ்சியும் பார்க்கிறதில்ல. இடத்தக்கூட டிரோன் விட்டு மேல இருந்தே படம் எடுத்துக்கிறோம். ஆனா 'நிலம் பயன்பாட்டில் இல்லை'ன்னு கடைசியில நான்தானே கையெழுத்துப் போடணும்? அத எப்புடி நம்பிப் போடறதுன்னு தெரியல. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்புடிப் போட்டீங்க?"

அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று ஒரு யுகம் ஆகிவிட்ட மாதிரி கேட்டாள். முதலில் அதற்கு ஒரு பாட்டம் திட்டினேன். பிறகு, போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். கோமதிக்கு வேண்டியது அரைப் பக்கம்தான். ஆனால் பேனாவைத் திறந்தால் எனக்கு என் சர்வீஸ் முழுக்க வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. படிக்கட்டும், என்ன குறைந்துவிடப் போகிறது.

எங்கள் அத்தா அரூரில் குடை, பூட்டு, டார்ச் லைட் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். நான் பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராக வருவாய்த் துறைக்குள் நுழைந்தபோது, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் குடையோடு சேர்த்து மிட்டாயும் கொடுத்து அனுப்பினார். தபால் பிரிவில் கொஞ்ச காலம், பட்டா பிரிவில் கொஞ்ச காலம். நில அளவைப் பயிற்சிக்குப் பென்னாகரம் பக்கம் அனுப்பினார்கள். சீமைக் கருவேல முள்ளுக்குள் சங்கிலி இழுக்கும்போது என் முக்காடு அடிக்கடி முள்ளில் மாட்டிக்கொள்ளும். "ஏம்மா பானு, முக்காட்ட அளந்தது போதும், நெலத்த அளம்மா" என்று பயிற்சி கொடுத்தவர் கத்துவார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை என்று ஒன்றை நான் கற்றுக்கொண்டது, வருவாய் ஆய்வாளரான பிறகு சென்னப்பன் சாரிடம்தான்.

சென்னப்பன் சார் எங்களுக்குத் தாசில்தாராக வந்தார். குள்ளமான ஆள், தொந்தி, தலையில் முடி கிடையாது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர், வீட்டில் கன்னடம். நல்ல மனநிலையில் இருந்தால் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "சும்னிரு!" என்று அவர் போடுகிற சத்தத்தில் அலுவலகத்து மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று சுற்றும் என்று கேலி பேசுவோம். பேசாமல் இரு என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தையை அதிகம் வாங்கியவள் நான்தான்.

நிலத்தைப் பார்க்கப் போகும்போது மற்ற அதிகாரிகள் வரைபடமும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுவருவார்கள். சார் ஒரு யூரியா சாக்கும் ராகிக் களி போட்ட தூக்குப்போசியும் கொண்டுவருவார். நிலத்தின் நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்திருப்பார். ஜீப்பில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பொண்ணு பார்க்கப் போயி தெருமுனையிலயே திரும்பிட்ட மாதிரி இருக்குது" என்பார்.

அதைவிட முக்கியம் அவர் கேட்கிற கேள்வி. ஆய்வாளரான புதிதில் நான் ஊர்க்காரர்களிடம் நேராகக் கேட்பேன்: "இந்த எடத்த யாராவது பயன்படுத்துறீங்களா?" எல்லோரும் தலையை ஆட்டி இல்லை என்பார்கள். ஜீப்பில் வந்து இறங்குகிற ஆளிடம் ஆமாம் என்று யார் சொல்வார்கள்? அரசு நிலத்தில் ஆடு கட்டினாலும், வைக்கோல் போர் போட்டாலும் ஆக்கிரமிப்புத்தான். பி-மெமோ என்று ஒரு நோட்டீஸ் கொடுத்து அபராதம் போடுவோம். அந்தப் பயத்தில் வாய் தானாக இல்லை என்று சொல்லிவிடும். நானும் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவேன்.

சார் அப்படிக் கேட்க விடமாட்டார். டீக்கடையில் போய் நின்று, சாவகாசமாக இப்படித்தான் ஆரம்பிப்பார்: "இந்த எடத்துல நம்ம வண்டிய ரெண்டு நாளு நிறுத்தி வெக்கலாம்னு பாக்கறேன். யாராச்சும் திட்டுவாங்களா?"

உடனே ஊர் வாயைத் திறந்துவிடும். ஐயோ அங்க வேணாம் சார், சந்தையன்னிக்கு மாட்டு வண்டி நிக்கும். அந்தப் பக்கம் வேணாம், பொங்கலுக்குக் கோயில் பானை வெக்கிற எடம். தன்னைக் காட்டிக் கொடுக்கிற கேள்வி என்றால் பயப்படுகிறவர்கள், பக்கத்து ஆளுக்காகப் பரிந்து பேசுகிற கேள்வி என்றால் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள்.

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் போகிற சாலையோரம் ஒரு துண்டு நிலம் விற்பனைக்கு வந்தது. சாலைத் துறைக்காரர்கள் ஜல்லி கொட்டி வைத்திருந்து, பிறகு மறந்துபோன இடம். "ஒரு காக்கா குருவி வராதுங்க" என்று அங்கிருந்த ஹோட்டல்காரர் சத்தியம் செய்தார். வாங்குவதற்கு ஆசைப்பட்டவரே அவர்தான். சார் ஜீப்பை நிலத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி, சாக்கை விரித்து, களியைத் திறந்தார். இரண்டு வாய் போட்டிருப்பார், கையில் கம்போடு ஒரு அம்மா ஓடி வந்தது. பின்னால் அத்தனை ஆடு.

"யாருங்க அது வண்டிய நடுப்பாதையில நிறுத்துனது? ஆடு எப்புடிப் போவும்? எங்க தலமேல ஏறிப் போவுமா? எடுங்க மொதல்ல!"

சார் வாயில் களியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்க பானு. ஆட்டுப்பாதை." அந்த அம்மாவிடம் வேறு பவ்யமாக மன்னிப்புக் கேட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். பாதையை விட்டுவிட்டு மீதியை விற்றோம். இன்றைக்கு அங்கே மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒகேனக்கல் போகிறவர்கள் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். ஆடுகளும் பக்கத்திலேயே போய்க்கொண்டிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, சார் அரசு நிலத்தை விற்கக் கூடாது என்கிற கட்சி என்று கோமதி நினைத்துவிடக் கூடாது. விற்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். "சர்க்கார் சொத்துன்னா அதுல முள்ளுதான் மொளைக்கணும்னு சட்டமா? நாலு பேரு வூடு கட்டிப் பொழைக்கட்டும்" என்பார். இடிந்து பாம்பு குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றை அவர் ஏலம் விட்ட நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்தினமே தண்டோரா போட்டாயிற்று. நிலத்தின் நாலு மூலைக் கல்லிலும் சிவப்புக் கொடி. ஷாமியானாவுக்குக் கீழே வேட்டிச் சட்டைகள் நெருக்கமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்ளும். ஏலம் கூவுவதற்கு ஆள் இருந்தும் சார் தானே எழுந்து நின்று கூவுவார். "ஒரு தரம்..." என்று இழுப்பார். "ரெண்டு தரம்..." அப்போது முகத்தை ஒவ்வொருவராகப் பார்ப்பார். அவர் பார்வை பட்டவர்கள் அதற்குமேல் சும்மா இருக்க முடியாமல் கையைத் தூக்கிவிடுவார்கள். மூன்றாவது தரம் சொல்லி மேஜையில் தட்டும்போது கல்யாண வீட்டில் தாலி கட்டின மாதிரி ஒரு ஆரவாரம் எழும். இப்போது கம்ப்யூட்டரில் எண் மாறுகிறதாம், அவ்வளவுதானாம். எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் ஏலமே இல்லை.

சரி, கோமதிக்கு நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். சாரின் கேள்வி பலிக்காமல் போன ஒரே இடம் அது.

பொம்மிடி போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே பட்டுப்புழு வளர்க்க அரசு ஒரு காலத்தில் மல்பெரித் தோட்டம் போட்டிருந்தது. புழு வளர்த்த கொட்டகை இடிந்து, மல்பெரி பட்டுப்போய், ஆள் இல்லாமல் போன பிறகு, அந்தத் துறை நிலத்தை எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. விற்றுவிடலாம் என்று மேலே முடிவாகியிருந்தது. தர்மபுரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் அதை மனை பிரித்து விற்க ஆசைப்பட்டார். மரியாதையான மனிதர்தான், எங்களைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவார்.

நிலத்தின் சாலையோரப் பக்கம் முழுக்க ஒரு தட்டைப் பாறை. யானை படுத்த மாதிரி உயர்ந்ததல்ல, வீட்டுத் தரை மாதிரி சமமாகப் பரந்தது. பாறைக்குப் பின்னால்தான் நல்ல மண். ஆகவே பாறை இல்லாமல் அந்த நிலத்துக்குச் சாலை இல்லை, சாலை இல்லாத மனையை யார் வாங்குவார்கள்? ஜவுளிக்கடைக்காரருக்குப் பாறைதான் முக்கியம்.

எனக்கு முன்னால் இருந்த ஆய்வாளர் ஐப்பசி மழையில் போய் இடத்தைப் பார்த்திருந்தார். பாறையில் தண்ணீர் தேங்கி நின்றதைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்துக் குடியிருப்புப் பெண்களைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். 'எங்களுக்கும் அந்த நிலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதிப் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டிருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஊரில் நோட்டீஸ் ஒட்டினோம், தண்டோரா போட்டோம். ஒரு ஆட்சேபணையும் வரவில்லை. ஏலத்துக்கு முன் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று சாரும் நானும் போனது மாசி மாதத்தில்.

வெயில் பாறையில் பட்டுக் கண் கூசியது. புங்க மரத்தடியில் பெண்கள் ஒரு கும்பலாக, வேலை ஏதும் இல்லாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, காதில் பெரிய தோடு. பெயர் மாதம்மா என்று பிறகு தெரிந்தது. சார் தன் கேள்வியைப் போட்டார்.

"ஏம்மா, இந்தப் பாறையில வண்டிய ரெண்டு நாளு நிறுத்தலாம்னு பாக்கறோம். யாராச்சும் திட்டுவாங்களா?"

"தாராளமா நிறுத்துங்க சார்" என்றார் மாதம்மா. "யாரு திட்டப் போறாங்க? சர்க்கார் எடமாச்சே, ஒங்க எடம்."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் வழக்கப்படி போய்ப் பாறையில் சாக்கை விரித்தார். உட்காரப் போனவர் குனிந்து, உள்ளங்கையால் பாறையைத் தடவினார்.

"பானு, இங்க வா. சும்மா கெடக்கற பாறைய யாரு பெருக்குனாங்க?"

தூசி இல்லை. சருகு இல்லை. அவ்வளவு பெரிய பாறை, வீட்டுக் கூடம் மாதிரி துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. சார் பாறை வெடிப்பில் விரலை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். புளியங்கொட்டை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் தூக்குப்போசியைத் திறந்தார்.

"மாதம்மா, களிக்குத் தொட்டுக்க ஒண்ணும் எடுத்தாரல. துளி புளி கெடைக்குமா? கரைச்சு உப்புப் போட்டுக்கிறேன்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாதம்மா எழுந்து இடிந்த புழுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே தார்ப்பாய்களுக்குக் கீழே மலை மாதிரி புளி. ஜீப் சத்தம் பாலத்தில் கேட்டதுமே அவ்வளவையும் வாரிக் கொண்டுவந்து ஒளித்து, பாறையைப் பெருக்கிவிட்டு, மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு உருண்டைப் புளியைச் சாரின் கையில் கொடுத்துவிட்டு மாதம்மா அழுதேவிட்டார்.

"அபராதம் போட்டுடாதீங்க சார். மூணு மாசம்தாங்க. தை பொறந்தா புளி வரும், பங்குனியோட முடிஞ்சிடும். அதுல வர்ற கூலியிலதான் வருசம் பூரா ஓட்டறோம். மண்ணுல காயப்போட்டா மண்ணு ஒட்டிக்கும், யாவாரி வாங்க மாட்டான். இந்தப் பாறைதாங்க சூடு ஏறும். ரெண்டே வெயில்ல காஞ்சிடும்."

சந்தை வியாபாரிகள் புளியை இவர்களிடம் கொடுப்பார்கள். காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் எடைக்குக் கூலி. மாதம்மாவின் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்தில் இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் வீட்டில் கிடந்தார். பாறை போனால் அந்த வீட்டில் அடுப்புக்கு வழி கிடையாது. அதைச் சொல்லும்போதும் அவர் ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பொம்மிடி ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகிற வரைக்கும் சார் அந்தப் புளியங்கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு இருந்த சிக்கல் இதுதான். அவர்களே சம்பந்தம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏலத் தேதி அறிவித்தாயிற்று. இப்போது நாங்கள் போய், இல்லை, பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினால் மேலே கேட்கிற முதல் கேள்வி, உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்பதாகத்தான் இருக்கும். யாருக்காக நிறுத்துகிறீர்கள் என்பார்கள். ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரிந்தவர்கள் நிறைய.

கேட் திறந்ததும் சார் சொன்னார்: "அவங்களுக்கு அபராதம் போடு."

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "சார், நம்பிச் சொன்னாங்க. ஒங்க கையில புளி குடுத்தாங்க. அந்தக் கை காயறதுக்குள்ள..."

"சும்னிரு!"

டிரைவர் தோளைச் சுருக்கிக்கொண்டார். கொஞ்சம் தூரம் போன பிறகு சார் தமிழுக்கு வந்தார். "பானு, நீ பாவம்னு எழுதுனா பாவம்னு படிச்சுட்டு மூடி வெப்பாங்க. நாமளே ஆக்கிரமிப்புன்னு சொல்லி, பேரு போட்டு, என்ன செய்யறாங்கன்னு போட்டு, அபராதம் வசூல் பண்ணிட்டா? இல்லாத ஆளுக்கு யாராவது அபராதம் போடுவாங்களா? பயன்பாட்டுல இல்லன்னு அப்பறம் எவன் சொல்லுவான்?"

எனக்குப் புரிந்தது. புரிந்தாலும், நோட்டீஸை எடுத்துக்கொண்டு போக வேண்டியவள் நான் அல்லவா. வி.ஏ.ஓ.வும் தலையாரியும் துணைக்கு வந்தார்கள். இந்த முறை ஜீப்பில் போகவில்லை, பஸ்ஸில் போய் இறங்கினேன். அதனால் பாறை முழுக்கப் புளி விரிந்திருந்தது. நான் நோட்டீஸையும், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடப் பேனாவையும் நீட்டியதும் மாதம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாங்க அழுதது ஒனக்கு விளையாட்டா இருந்துச்சா? திங்கறதுக்குப் புளி குடுத்தோம். அதுக்குக் கூலி இதானா?"

"ரேஷன் கார்ட புடுங்கிடுவாங்களாம்" என்றார் ஒருவர். "ஜெயிலு" என்றார் இன்னொருவர். நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். இது உங்களுக்கு எதிரான சீட்டு இல்லை, இது இருந்தால்தான் பாறை உங்களுடையது என்று மேலே பேச முடியும் என்றேன். யார் நம்புவார்கள்? அபராதச் சீட்டைக் கொண்டுவந்து அன்பளிப்பு என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

"அப்போ, கையெழுத்துப் போட்டா பாறை எங்களுக்குத்தான்னு ஒங்க அல்லா மேல சத்தியம் பண்ணு" என்றார் மாதம்மா.

என்னால் முடியவில்லை. "அப்புடிச் சத்தியம் பண்ண எனக்கு அதிகாரம் இல்லீங்க. போட்டா பாறை தங்கினாலும் தங்கும், போனாலும் போவும். முடிவு பண்றவங்க வேற. ஆனா போடலன்னா கண்டிப்பா போயிடும். அது மட்டும் எனக்குத் தெரியும்."

சத்தியம் செய்திருந்தால் அவர் போட்டிருக்கமாட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். அதற்குப் பிறகு மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நான் நன்றாக அழுதேன். வி.ஏ.ஓ. பாவம், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏலத்தைச் சார் தள்ளிவைத்தார். விசாரணைக்கு ஜவுளிக்கடைக்காரர் வக்கீலோடு வந்தார். பெண்கள் எல்லோரும் குளித்துத் தலை பின்னி, கோயிலுக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றார்கள். வக்கீல் பழைய கையெழுத்துகளைக் காட்டி மாதம்மாவைக் கேட்டார்.

"அன்னிக்கு சம்பந்தம் இல்லன்னு ஏம்மா சொன்னீங்க?"

"இருக்குதுன்னு சொன்னா அபராதம் போட்டுடுவாங்கன்னு பயம்ங்க."

"இன்னிக்கு மட்டும் எப்புடி இருக்குதுன்னு சொல்றீங்க? இப்ப பயம் போயிடுச்சா?"

"அதான் போட்டுட்டாங்களே சார். இனிமே என்னா பயம்?"

அறையே சிரித்தது. ஜவுளிக்கடைக்காரரும் சிரித்துவிட்டார். சார் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் மொட்டைத் தலை சிவந்திருந்தது. சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

பாறையைக் களம் என்று பதிவு செய்து விற்பனையிலிருந்து நீக்கலாம், பாறையின் வடக்கு ஓரமாக மனைகளுக்கு ஒரு சாலை விடலாம் என்று சார் எழுதி அனுப்பினார். அந்தக் கோப்பு மேலே போய், கேள்வியோடு கீழே வந்து, பதிலோடு மறுபடி மேலே போனது. நடுவில் சாரைக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது யூரியா சாக்கை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "ஒனக்குத்தான் பயிற்சி பத்தல" என்றார். அவர் இப்போது இல்லை. அவரை மாதிரி என்னைத் திட்டுவதற்கு அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஆணை, சார் எழுதின மாதிரியே வந்தது. மீதி நிலத்தை அடுத்து வந்த தாசில்தார் ஏலம் விட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஜவுளிக்கடைக்காரர்தான் எடுத்தார். இன்றைக்கு அங்கே வரிசையாக மாடி வீடுகள், ஒரு கிளினிக், ஒரு நர்சரிப் பள்ளி. முள் மண்டிக் கிடந்த இடம் அது. சாயங்காலத்தில் பிள்ளைகள் சைக்கிள் விடுவதைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆணை வந்த செய்தியை ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். அடுத்த மாசியில் ஒருநாள் காலை அலுவலகத்துக்குப் போனால், வாசலில் மாதம்மாவும் அத்தனை பெண்களும் நிற்கிறார்கள்.

"என்னாங்க, எல்லாரும் சேந்து வந்துட்டீங்க?"

"இந்த வருச அபராதம் கட்ட வந்தோம் மேடம். புளி வந்துடுச்சு. நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தோம், காணம். அதான் நாங்களே வந்துட்டோம்."

அபராதம் கட்டத் தானாக வந்தவர்களை எங்கள் அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. எழுத்தர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நான் அவர்களை உட்கார வைத்துச் சொன்னேன். இனிமேல் அது ஆக்கிரமிப்பு இல்லை. களம் என்று எழுதியாயிற்று. காயவைப்பது உங்கள் உரிமை. அபராதம் கிடையாது, சீட்டும் கிடையாது.

மாதம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ எங்க கையில என்னாதான் இருக்குது? நாளைக்கு ஒருத்தன் வந்து எந்திரின்னா எதக் காட்டறது?" என்றவர், என்னைப் பார்த்துக் கேட்டார். "தப்புப் பண்ணுனா மட்டும் சீட்டு தர்றீங்க. நாயமா இருந்தா ஒண்ணும் தர மாட்டீங்களா மேடம்?"

பதிவறைக்குப் போய் ஆணையை நானே தேடி எடுத்து, நகல் போட்டு, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரை குத்திக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். மாதம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை விரலால் மேலிருந்து கீழே தேடிக்கொண்டே வந்தார்.

"இதுல எங்க பேரே இல்லீங்களே?"

ஆணையில் யாருடைய பெயரும் இல்லை. நில எண்ணும், பரப்பும், ஒரு வரியும்தான் இருந்தது. அந்த வரியில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன்.

"இங்க பாருங்க, 'பொதுமக்கள் உபயோகத்திற்கு'ன்னு போட்டிருக்குது. பொதுமக்கள்னா நீங்கதாங்க."

விரலை எடுக்காமல் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாதம்மா பின்னால் திரும்பினார்.

"ஏய், எல்லாரும் இங்க வாங்கடி. நம்ம பேரு இருக்குதாம்."